கொப்பி வேண்டாம் என்று சொன்னவன் நான்



கிதாபுகளோடு காலம் கழிக்கின்ற ஒரு மௌலவிக்குக் கணினியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். 2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலையில் ஒரு தாய் தன் மகளோடு எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். அன்றைய தினத்துக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நான் பெண் பிள்ளைகளுக்கான ஒரு மத்ரஸாவில் அரபு இலக்கணம் கற்பிப்பவன். பரீட்சைப் பதிவுகளுக்கும் நானே பொறுப்பு. எங்களிடம் ஆரம்ப காலந்தொட்டு மட்டை போட்ட பெரிய பதிவுக் கொப்பிகள் இருந்தன. பிள்ளையின் பெயர், வாப்பாவின் பெயர், சேர்ந்த ஆண்டு, பாடத்துக்குப் பாடம் எடுத்த புள்ளி எல்லாம் அதில் மையினால் எழுதப்பட்டிருக்கும். 2020 இல் ஒரு தனவந்தர் நல்லதொரு கணினியை அன்பளிப்புச் செய்தார். எங்கள் பழைய மாணவி ஒருவரின் கணவர் வெளிநாட்டில் கணினித் துறையில் இருப்பவர்; விடுமுறையில் வந்தபோது எல்லாவற்றையும் அமைத்துத் தந்தார். கொப்பியில் இருந்தவை மெல்ல மெல்லக் கணினிக்குள் போயின.

2021 முடிவில் நடந்த நிர்வாகக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொன்னேன்: “இனி இரண்டு வேலை வேண்டாம். கொப்பி வேண்டாம். கணினி போதும்.”

மூத்த ஆலிமா ஒருவர் மட்டும், “கொப்பியும் ஒரு பக்கம் கிடக்கட்டுமே, மௌலவி” என்றார். காலம் மாறிவிட்டது என்று பதில் சொன்னேன். அவர் மேலே பேசவில்லை. அன்று அவருடைய முகத்தில் இருந்த மெல்லிய சிரிப்பை மூன்று ஆண்டுகள் கழித்து நான் நினைக்க வேண்டி வந்தது.

வந்த தாய் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளையை ஓத வைத்தவர். மகள் 2022 இல் எங்களிடம் ஓதி முடித்தவள்.

“மௌலவி, புள்ளைக்கி திங்கக்கிழமை நேர்முகப் பரீட்சை. சேட்டிபிக்கட் இரிக்கி. ஆனா பாடத்துக்குப் பாடம் எடுத்த புள்ளிய மத்ரஸா சீல் அடிச்சிக் கொண்டு வரச் சொல்லியிரிக்காங்க.”

சாதாரண நாளாக இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கு இரண்டு நாளைக்கு முந்திய இரவு பெரிய இடியும் மின்னலும். விடிந்தபோது கணினி செத்துக் கிடந்தது. பழுது பார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் தட்டே போய்விட்டது, அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

“நகல் இருக்கிறது, ராத்தா. பயப்படாதீர்கள். நாளை மறுநாள் தருகிறேன்” என்றேன். நகல் இருக்கத்தான் செய்தது. ஆனால் நகல் இருப்பது வேறு, நகல் திறப்பது வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு வளவு, மூன்று குசினி

கதையைத் தொடருமுன் ஒரு விடயத்தை விளக்கிவிட வேண்டும். அதை விளங்கிக்கொள்ள உங்களைப் போன்ற இல்லத்தரசிகளுக்கு ஒரு கஷ்டமும் இராது.

நமது பகுதியில் ஒரு வளவுக்குள் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் மூன்று வீடு கட்டிக் கொடுத்திருப்பார்கள். மதில் ஒன்று, கிணறு ஒன்று, மின்சாரம் வரும் கம்பி ஒன்று. ஆனால் குசினி மூன்று. மூத்தவள் வீட்டில் என்ன கறி என்பது இளையவள் வீட்டுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தாலும் மற்ற வீட்டில் சோறு வேகும்.

பெரிய கணினி ஒன்றையும் இப்படிப் பங்கு போடலாம். இரும்புப் பெட்டி ஒன்றுதான். அதனுள்ளே மென்பொருளால் மதில் கட்டி மூன்று நான்கு கணினிகள் இருப்பதுபோல் நடத்தலாம். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே எண்ணிக்கொள்ளும். இதற்கு ‘வேர்ச்சுவல் மெஷின்’ என்று பெயர். தமிழில் மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். இது புதிய சங்கதியும் அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே இதைச் செய்து பார்த்து, 1972 இல் வி.எம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. வி.எம்.வெயர் என்ற நிறுவனம் 1999 இல் சாதாரண மேசைக் கணினிக்கும் இதைக் கொண்டு வந்தது. இன்று வங்கி, வைத்தியசாலை, அரசாங்கம் எல்லாவற்றின் கணக்கும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள்தான் இருக்கிறது.

எங்கள் மத்ரஸாப் பெட்டியிலும் மூன்று குசினி. ஒன்றில் பரீட்சைப் பதிவு, ஒன்றில் வரவு செலவு, ஒன்றில் நூலகம்.

இந்த மெய்நிகர் இயந்திரத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. வீட்டை அப்படியே சுருட்டி எடுத்து வைக்கலாம். குசினி, அலுமாரி, சட்டி பானை, அடுப்பில் வைத்த கறி வரை ஒரே கோப்பாகச் சுருட்டி வைத்துவிட்டு, வேறொரு பெட்டியில் விரித்தால் வீடு அப்படியே எழுந்து நிற்கும். 2021 டிசம்பரில் அப்படி ஒன்றைச் சுருட்டி அலுவலக லாச்சிக்குள் வைத்திருந்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் பதிவுகளை மட்டும் எழுத்துக் கோப்பாக ஒரு பென் டிரைவில் எடுத்து வந்தோம். ஆக, நகல் இரண்டு இருந்தது. எனக்கு என்ன கவலை?

குகையில் தூங்கிய இயந்திரம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் ராத்தாவின் மகன் ஒரு கணினியை இரவல் வாங்கி வந்தான். உயர்தரம் எழுதிவிட்டுக் கணினி படித்துக்கொண்டிருப்பவன். 2021 இல் சுருட்டியதை விரித்தான். அல்ஹம்துலில்லாஹ், எழுந்து நின்றது! பழைய பெயர்கள் எல்லாம் இருந்தன. அந்தப் பிள்ளையின் பெயரைத் தேடினோம். முந்திய ஆண்டுகளின் புள்ளிகள் இருந்தன. இறுதி ஆண்டு இல்லை.

இருக்க நியாயமும் இல்லை. அந்த இயந்திரத்துக்கு அது இன்னமும் 2021 டிசம்பர். குகைவாசிகளின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். நெடுங்காலம் தூங்கி எழுந்தவர்கள், ஒரு நாளோ அதில் கொஞ்சமோதான் தூங்கினோம் என்று எண்ணி, தங்களில் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து உணவு வாங்க அனுப்பினார்கள். அந்தக் காசு பழைய அரசன் காலத்துக் காசு என்று கடைத்தெருவில் எல்லோரும் வியந்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கதைதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் இயந்திரமும் பழைய காசோடு எழுந்து வந்திருந்தது.

“பரவாயில்லை மாமா. இந்த வாரக் கோப்பை இதுக்குள்ள ஏத்தினாச் சரி” என்றான் மருமகன். ஏற்றினான். இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு வரிசை முறை தனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டது.

பிள்ளை சும்மா இருக்கவில்லை. கோப்பைத் திறந்து, இயந்திரம் தெரியாது என்று சொன்ன சொற்களை நீக்கி, அதற்குத் தெரிந்த பழைய சொற்களைப் போட்டு மீண்டும் ஏற்றினான். இம்முறை ஏறியது. நான் “பாரக்கல்லாஹ்” என்று சொல்லி வாய் மூடுமுன் திரையைப் பார்த்தேன். 2022 ஆம் ஆண்டு இருந்தது. புள்ளிகளும் இருந்தன. பெயர்கள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள். ஒரு வரி கேள்விக்குறி, அடுத்த வரியும் கேள்விக்குறி. எந்தப் புள்ளி எந்தப் பிள்ளையுடையது?

சகோதரிகளே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் என் மனைவி, “ஏன் புரண்டு புரண்டு படுக்கிறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தக் கொப்பிய நிப்பாட்டச் சொன்னது ஆர்?” என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல?

ஆலையடிவேம்பில் ஓர் இரவு

அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். இங்கே நாங்கள், அங்கே தமிழ்ச் சகோதரர்கள். இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கம் போகவும், அந்தப் பக்கத்தவர் இந்தப் பக்கம் வரவும் அஞ்சிய காலமும் எங்கள் சின்ன வயதில் இருந்தது. இன்று அங்கே போய்ச் சாமான் வாங்குகிறோம். அவர்களும் இங்கே வருகிறார்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மருமகனையும் அழைத்துக்கொண்டு ஆலையடிவேம்பில் கணினி பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் போனேன். வீட்டு முன்னறைதான் கடை. நான் சொன்ன கதையை அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மௌலவி சேர், முதல்ல ஒண்டு சொல்லுங்க. அந்தப் பென் டிரைவில இருந்த கோப்பையே மாத்தினீங்களா, இல்லாட்டி அதுக்கு ஒரு கொப்பி எடுத்துப்போட்டு மாத்தினீங்களா?”

மருமகனின் முகத்தைப் பார்த்தேன். “கொப்பி எடுத்திட்டுத்தான் மாத்தினேன்” என்றான். அந்தத் தம்பி மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

“அப்ப பயமில்ல. கேள்விக்குறி விழுந்த கோப்புல பேர் இனி வராது. அது போனது போனதுதான். ஆனா மூலம் இரிக்குதே!”

பிறகு அவர் எனக்கு விளக்கினார். நான் விளங்கிக்கொண்ட அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

பதிவுகளைச் சேர்த்து வைக்க எங்கள் கணினியில் மை எஸ்.கியூ.எல். என்றொரு மென்பொருள் இருந்திருக்கிறது. மென்பொருள்களுக்கும் கிதாபுகளைப் போலப் பதிப்பு உண்டு, வேர்ஷன் என்பார்கள். 2021 இல் நாங்கள் சுருட்டி வைத்தபோது இருந்தது 5.7 ஆம் பதிப்பு. அது 2015 இல் வந்தது. 2023 இல் எங்கள் நண்பர் வெளிநாட்டிலிருந்தபடியே அதை 8.0 ஆம் பதிப்புக்கு மாற்றியிருக்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் மாற்றினார். பழைய பதிப்புக்கு அந்த ஆண்டு ஒக்டோபரோடு தயாரித்தவர்களின் பராமரிப்பு முடிந்துவிட்டது. ஆனால் மாற்றிய விபரத்தை எங்கும் எழுதி வைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

புதியது பழையதின் எழுத்தை வாசிக்கும். பழையது புதியதின் எழுத்தை வாசிக்காது. பெரியவர்கள் எழுதியதைப் பேரப்பிள்ளை கஷ்டப்பட்டாவது வாசித்துவிடுவான். பேரப்பிள்ளை தொலைபேசியில் எழுதுவதை உம்மும்மாவால் வாசிக்க முடிகிறதா? அதுபோலத்தான்.

கேள்விக்குறி எப்படி வந்தது என்பதையும் கேட்டேன். பழைய 5.7 ஆம் பதிப்பில், நாம் எதுவும் சொல்லாவிட்டால், அது ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் கொள்ளும் பெட்டியில்தான் பதிவுகளை வைக்கும். அந்தப் பெட்டியில் தமிழுக்கும் அரபுக்கும் இடம் கிடையாது. இடமில்லாத எழுத்து வந்தால் அங்கே ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். புதிய 8.0 இல் உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் இடமுள்ள பெட்டியே வழமையானது. மருமகன் சொற்களை மாற்றியபோது தெரியாத்தனமாகப் பெரிய பெட்டியிலிருந்த பெயர்களைச் சின்னப் பெட்டிக்குள் கொட்டியிருக்கிறான். கொள்ளாதவை சிந்திப்போயின.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மாணவப் பருவம் நினைவுக்கு வந்தது. அரபுக் கல்லூரியில் எங்கள் வகுப்பில் ஒரே கிதாபு பல அச்சில் இருக்கும். ஒருவரிடம் எகிப்து அச்சு, ஒருவரிடம் பெய்ரூத் அச்சு, வசதியில்லாத எங்களிடம் யாரோ ஓதி முடித்துக் கொடுத்த பம்பாய்க் கல்லச்சு. ஹஸ்ரத் நாற்பதாம் பக்கம் என்றால் ஆளுக்கொரு பாடம் திறக்கும். புதிதாக வந்த ஒரு மாணவன் தன் பக்கத்தில் இல்லாத வரியை ஹஸ்ரத் தவறாக வாசிக்கிறார் என்று எழுந்தே சொல்லிவிட்டான். ஹஸ்ரத் கோபிக்கவில்லை. “உன் கையில் இருப்பது எந்த அச்சு என்று முதலில் பார். பிறகு பிழை யாரிடம் என்று பேசு” என்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பாடத்தை ஆலையடிவேம்பில் ஒரு தம்பியிடம் மீண்டும் படித்தேன்.

அவர் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? பழைய இயந்திரத்தைத் தொடவே இல்லை. தன் கணினிக்குள் புதிதாக ஒரு மெய்நிகர் இயந்திரத்தை எழுப்பினார். அதில் எங்கள் கோப்பு எந்தப் பதிப்பில் எழுதப்பட்டதோ அதே 8.0 ஐ வைத்தார். கோப்பின் தலையிலேயே பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கும் என்று திறந்தும் காட்டினார். மூன்று நாளாகத் தேடியது முதல் வரிகளிலேயே இருந்திருக்கிறது! நாங்கள் வாசிக்கவில்லை.

எல்லாவற்றையும் தரவிறக்கி ஆயத்தம் செய்ய நேரம் எடுத்தது. நான் மஃரிபுக்கு அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தேன். இஷாவுக்கும் போய் வந்தேன். அவருடைய தாயார் இரண்டு தடவை தேத்தண்ணி தந்தார். “புள்ளையின்ட பேர் வந்திட்டுதா?” என்று அவரும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். யாருடைய பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. ஒரு பிள்ளை என்பது மட்டும் தெரியும்.

இரவு பத்து மணி கழிந்துதான் திரையில் எழுத்து வந்தது. தமிழில் பெயர், பக்கத்தில் அரபில் பெயர், வாப்பாவின் பெயர், பதினொரு பாடம், பதினொரு புள்ளி. நான் வாசித்தேன். இரண்டாவது தடவை வாசிக்கக் கண் தெளிவாகத் தெரியவில்லை.

காசு எவ்வளவு என்று கேட்டபோது வழமையான கூலியைத்தான் எடுத்தார். “சேர், இனி வேர்ஷன் நம்பரை ஒரு கொப்பியில எழுதி வையுங்க” என்றார். கொப்பியில் என்றார், கவனித்தீர்களா?

பெரிய இடங்களிலும் இதே கதை

ஏதோ ஒரு சின்ன மத்ரஸாவில் விபரம் தெரியாதவர்கள் செய்த பிழை என்று நீங்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணி வெட்கப்பட்டேன். தேடி வாசித்தபோது பெரியவர்களும் இதே பள்ளத்தில் விழுந்திருப்பது தெரிந்தது.

நமது நாட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள். அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ எனப்படும் அரச மேகக் கணினியில் இருந்தன. மேகம் என்றால் வானத்தில் அல்ல. நான் சொன்ன வளவைப் போலப் பல இயந்திரங்களைப் பங்கு போட்டு வைத்த பெரிய பெட்டிகள்தான். 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி அதைக் கப்பம் கேட்கும் கணினித் திருடர்கள் தாக்கினார்கள். அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதங்களுக்கு வெளியே எடுத்து வைத்த நகல் இருக்கவில்லை, அவை போய்விட்டன.

காரணம் என்ன? பாவனையில் இருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பராமரிப்பை அந்த நிறுவனம் 2023 ஏப்ரல் 11 இல் நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதலே எண்ணியிருந்தும் நிதித் தட்டுப்பாடு முதலான காரணங்களால் தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனமே பின்னர் சொன்னது. கதவின் பூட்டு பழையது என்று வீட்டுக்காரருக்கும் தெரியும், கள்வனுக்கும் தெரியும் என்ற நிலை.

அப்படியானால் புதியதற்கு உடனே மாறிவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை உலகெங்கும் விமானங்கள் நின்றதும், வைத்தியசாலைகள் தடுமாறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய புதுப்பிப்பினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. பெரிய மேகக் கணினிகளில் இருந்த மெய்நிகர் இயந்திரங்களும் தப்பவில்லை.

அந்த நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தைப் பார்த்தால் தையல் தெரிந்த பெண்கள் சிரிப்பீர்கள். மென்பொருளின் ஒரு பகுதி 21 விபரங்களை எதிர்பார்த்தது. மற்றப் பகுதி 20 ஐத்தான் கொடுத்தது. இருபத்தொரு பொத்தான் துளை வெட்டிய சட்டைக்கு இருபது பொத்தான்! இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போன கணினி அங்கேயே விழுந்துவிட்டது. இரண்டு பகுதியையும் செய்தது ஒரே நிறுவனந்தான். ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதில் தவறிவிட்டார்கள்.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று. 1996 ஜூன் 4 இல் ஐரோப்பியர்கள் ஏவிய ஏரியான் 5 என்ற ரொக்கட் புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன் வெடித்துச் சிதறியது. ஏரியான் 4 என்ற பழைய ரொக்கட்டில் ஒழுங்காக வேலை செய்த மென்பொருளை அப்படியே எடுத்துப் புதியதில் வைத்திருந்தார்கள். புதிய ரொக்கட்டின் வேகத்தைக் காட்டும் எண், பழைய மென்பொருள் வைத்திருந்த சிறிய இடத்துக்குள் அடங்கவில்லை. அவ்வளவுதான். எங்கள் பெயர்கள் சின்னப் பெட்டியில் சிந்திய கதையின் அண்ணன் முறைக் கதை இது.

ஆக, பழையதில் பிடிவாதமாக நின்றவரும் இடறினார். புதியதற்குப் பார்க்காமல் பாய்ந்தவரும் இடறினார். பழைய கை மிஷினின் பொபினைப் புதிய மிஷினில் போட்டால் நூல் சிக்கும். இரண்டு மிஷினும் நல்லதுதான், பொபினும் நல்லதுதான். பொருத்தம்தான் இல்லை.

உங்கள் அலுமாரிக்குச் சில வார்த்தைகள்

சகோதரிகளே, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளையின் பெறுபேறு, கணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய படம், இறந்துபோன உம்மாவின் குரல் என்று இன்று ஒரு வீட்டின் பாதி அலுமாரி கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. அலுமாரிச் சாவி எப்போதும் உங்கள் கையில்தான். ஆகவே உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது, நகல் மூன்று இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு விதமான இடத்தில் இருக்கட்டும். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை நமது கரையோரத்தில் வீட்டோடு அலுமாரியும் அலுமாரியோடு கடதாசியும் போன கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடதாசியும் அழியும், கணினியும் அழியும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்றாகவே அழியும்.

இரண்டாவது, எடுத்த நகலைத் திறந்து பாருங்கள். வேறொரு தொலைபேசியில், வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். மழை வருமுன் குடையை விரித்துப் பார்ப்பதில்லையா?

மூன்றாவது, முக்கியமானவற்றை எங்கும் திறக்கும் விதத்தில் வையுங்கள். ஒரு மென்பொருளின் ஒரு பதிப்பில் மட்டும் திறப்பது ஆபத்து. பி.டி.எஃப். ஆக ஒன்று, கடதாசியில் ஒன்று என்று வைப்பது நல்லது. பிள்ளைகள் தமிழில் தட்டெழுதும்போது யூனிகோட் முறையில் எழுதப் பழக்குங்கள். பாமினி எழுத்துருவில் எழுதிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடின் முதற் பதிப்பு வந்த 1991 முதலே அதில் தமிழுக்கு இடம் உண்டு.

நான்காவது, பராமரிப்பு முடிந்த பழைய பதிப்பில் நெடுநாள் இருக்க வேண்டாம். வாட்ஸ்அப், ஆன்ட்ரொய்ட் 4.4 இல் ஓடும் பழைய தொலைபேசிகளை 2025 ஜனவரியோடு கைவிட்டது. விண்டோஸ் 10 க்கான வழமையான பராமரிப்பு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. மாற வேண்டிய காலம் வந்தால் மாறுங்கள். ஆனால் மாறுமுன் நகல் எடுங்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் சுலபமானது, ஆனால் எவரும் செய்யாதது: எழுதி வையுங்கள். எந்தச் சாதனம், எந்தப் பதிப்பு, எப்போது மாற்றியது, யார் மாற்றியது, கடவுச்சொல் யாரிடம். ஒரு கொப்பியில் ஐந்து வரி போதும்.

இன்னும் ஒன்று. மூலத்தில் கை வைக்க வேண்டாம். கோளாறு வந்தால் முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டு அந்த நகலில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். என் மருமகன் செய்த பத்துப் பிழைகளையும் அந்த ஒரு சரி காப்பாற்றியது.

திங்கட்கிழமைக்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடதாசியை அச்சடித்து, கையெழுத்திட்டு, சீல் அடித்து அந்தத் தாயின் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். அவர் இடியப்பத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நடந்த எதையும் நான் சொல்லவில்லை. ஏன் இரண்டு நாள் சுணங்கியது என்று அவரும் கேட்கவில்லை. “அல்லாஹ் உங்களுக்கு நல்லருள் செய்யட்டும், மௌலவி” என்றார். அந்த துஆவைக் கேட்டு என் தலை தானாகவே குனிந்தது.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறு ஒருவருக்குக் கிடைத்தது. அது அவரவர் ரிஸ்க். ஆனால் கடதாசி இல்லாமையால் கிடைக்காமல் போயிருந்தால், என் பொறுப்பில் இருந்த அமானிதத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு பிள்ளை ஐந்து ஆண்டு கண் விழித்து ஓதியதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி எங்கள் பதிவுதான். அதை ஒரே ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டு, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மீண்டும் எழுந்து நின்றேன். “முன்பு நான் சொன்னது பிழை. கணினியும் வேண்டும், கொப்பியும் வேண்டும்” என்றேன். அந்த மூத்த ஆலிமா இம்முறையும் எதுவும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் புதிதாக மட்டை போட்ட ஒரு பெரிய கொப்பியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். 2022 க்குப் பிந்திய பெயர்களை என் கையாலேயே எழுதி முடித்தேன். முதற் பக்கத்தில் எந்தப் பெயரும் இல்லை. எந்த இயந்திரம், எந்த மென்பொருள், எத்தனையாம் பதிப்பு, எப்போது மாற்றியது என்பதுதான் அதில் இருக்கிறது.

சென்ற வருடம் ஆலையடிவேம்புத் தம்பி எங்கள் மத்ரஸாவுக்கு ஒருதடவை வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போனார். அந்த முதற் பக்கத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, “சேர், இதுக்கும் ஒரு போட்டோக் கொப்பி எடுத்து வேற இடத்தில வையுங்க” என்றார்.

எடுத்து வைத்திருக்கிறேன். என் மனைவியின் அலுமாரியில் இருக்கிறது.

வஸ்ஸலாம்.